பலாலிக்குப் பறக்கும் முன் மாமிக்கு ஒரு பதில் தயார் செய்யுங்கள்

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குப் போகிறவர்களுக்கு வாய்ப்பது ஏடிஆர் 72 என்ற இரட்டை விசிறி விமானம். கொழும்பில் இறங்கி இரவு பஸ்ஸில் முதுகொடிய வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும். ஆனால் டொரொன்டோவிலிருந்து உங்களைக் கொண்டுவந்த பெரிய ஜெட்டின் பெட்டிக் கணக்கு இங்கே செல்லாது. இதை உங்கள் உறவினர்கள் நம்பமாட்டார்கள்.

பிரான்சும் இத்தாலியும் 1981இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் ஏடிஆர். முதலில் வந்தது ஏடிஆர் 42. அதை நீட்டிச் செய்த 72 முதன்முதலாகப் பறந்தது 1988 அக்டோபரில். எஞ்சின் பிராட் அண்ட் விட்னி கனடா தயாரிப்பு. குறைந்த எரிபொருள், குட்டையான ஓடுபாதை போதும் என்பதால் தீவுகளும் சிறு நகரங்களும் இதை நம்பியிருக்கின்றன. சரக்கு ஏற்றவும் கடலோரக் காவலுக்கும்கூட இதையே பயன்படுத்துகிறார்கள்.

பயணிகள் ஏறுவது வால் பக்கத்துக் கதவால். பெட்டிகளில் பெரும்பகுதி விமானி அறைக்குப் பின்னால், முன்பக்கத்தில் அடுக்கப்படும். எடை எங்கே, எவ்வளவு என்பது சமநிலைக் கணக்கு. முழுச் சுமையோடும் மொத்தம் ஏறத்தாழ 23 டன்தான். சென்னை வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் சிறகுக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும். எடை கூடினால் முதலில் இறக்கப்படுவது உங்கள் பெட்டிதான். இருக்கைக்கு மேலே உள்ள அறையில் ஜெட்டுக்கான கைப்பெட்டி பெரும்பாலும் நுழையாது.

மச்சாளின் கல்யாணத்துக்கு மாமி கேட்டது நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. ஒன்றல்ல, சோடி, இடுப்பளவு உயரம். யாழ்ப்பாணத்தில் கிடைக்காதா என்று கேட்டேன். "அது அது மாதிரி வருமோ பிள்ளை?" என்றார். கழற்றிப் பூட்டக்கூடிய விளக்குதான், ஆனால் கழற்றினால் பித்தளை லேசாகிவிடாது. கவுண்டரில் இருந்தவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார். தண்டைக் கையோடு கொண்டுபோகலாமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கூடுதல் எடைக்குக் கட்டிய பணத்தில் இன்னொரு சோடி வாங்கியிருக்கலாம். பணம் கட்டியும் பெட்டி என்னோடு வரவில்லை; அடுத்த விமானத்தில் அனுப்பினார்கள். அதை எடுக்க மறுபடி பலாலி போனால், ஒரு மேசையில் ரசீது கேட்டார்கள், அடுத்த மேசையில் ரசீதின் நகல் கேட்டார்கள், மூன்றாவது மேசையில் இருந்தவர் வியாபாரத்துக்கா என்று கேட்டார். இரண்டு விளக்கை வைத்து யார் கடை போடுவார்கள்? விளக்கின் ரசீதும் பெட்டிச் சீட்டும் இரண்டு நகல்களோடு உங்கள் கையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

விளக்கு வந்த பிறகு மாமி சொன்னது ஒரே வாக்கியம்: "நாங்கள் இங்கேயே இருந்தவர்கள், எங்களுக்குத் தெரியாத அலைச்சலோ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இதே பலாலியிலிருந்து ஏர் சிலோனின் அவ்ரோ விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்குப் பறந்த காலத்தை அம்மா ஓயாமல் சொல்வார். 1998இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன லயன் ஏர் அன்டனோவ் விமானம் மன்னார்ப் பக்கம் கடலில் விழுந்து 55 பேர் மாண்டபோது நான் டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் பனி தள்ளப் பழகியிருந்தேன். மாமி போன்றவர்கள் ஊரைவிட்டு வெளியே போகவே உயிரைப் பணயம் வைத்த வருடங்கள் அவை. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் திரும்பியது. நமக்கு வசதியாகிவிட்டது.

தனித்தனி டிக்கெட் எடுத்தால் சென்னையில் பெட்டியை எடுக்க இந்தியாவுக்குள் நுழைய வேண்டும். இந்திய விசா கட்டாயம். திரும்பும்போதும் அதே வழி என்பதால் ஒரு தடவை மட்டும் நுழையும் விசா போதாது. இலங்கைக்கான அனுமதி தனி.

திரும்பும் பெட்டியை மாமிதான் கட்டுவார். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), மிளகாய்த்தூள், எள்ளுருண்டை என்று அடுக்கிவிட்டு, "இதெல்லாம் ஒரு பாரமோ?" என்பார். அவர் தூங்கிய பிறகு தராசில் வையுங்கள். மிளகாய்த்தூளை மட்டும் மூன்று உறைக்குள் போடுங்கள். அவர் ஒன்றோடு நிறுத்திவிடுவார்.