போர் விளையாட்டுகளில் யோசித்து நடக்கும் கதாபாத்திரங்களை எழுதுவது எப்படி?

போரின் கொடுமையை மையமாக வைத்து வீடியோ கேம் எழுதத் தொடங்குபவர்கள் பலர், யாரையாவது முட்டாளாகவோ கொடூரனாகவோ ஆக்கித்தான் அதைக் காட்ட முயல்கிறார்கள். ஆடுபவரோ, "இவன் கொஞ்சம் யோசித்திருந்தால் இது நடந்திருக்காதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தனக்குத் தெரிந்ததை வைத்து நிதானமாக முடிவெடுத்த ஒருவனின் கையாலேயே கேடு விளையும்போதுதான், அவரால் அவ்வளவு எளிதில் கடந்துபோக முடிவதில்லை. அத்தகைய கதாபாத்திரத்தை எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

படி 1: அவனுக்கு என்ன தெரியும்?

ஒரு பாலத்தைத் தகர்க்கும் பொறுப்பிலுள்ள லெப்டினன்ட் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வசனம் எழுதும் முன் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: அவனுக்குத் தெரிந்தது, தெரியாதது, தவறாக நம்புவது. எதிரியின் டாங்கிகள் பொழுது சாய்வதற்குள் ஆற்றை எட்டிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அக்கரையிலுள்ள காவல் பிரிவு உயிரோடு இருக்கிறதா என்பது தெரியாது. வயர்லெஸ் காலையிலேயே ஓய்ந்துவிட்டது. அகதிகளின் கூட்டம் அரை மணி நேரத்தில் கடந்து முடித்துவிடும் என்று அவன் நம்புகிறான்; ஆனால் சாலைத் திருப்பத்துக்கு அப்பால் அதைவிடப் பெரிய கூட்டம் வந்துகொண்டிருக்கிறது. இந்த மூன்றாம் கட்டம்தான் கதையை நகர்த்தும். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதைத்தான். எழுத்தாளருக்குத் தெரிந்த எல்லாமே கதாபாத்திரத்துக்கும் தெரிந்திருந்தால் அவன் எழுத்தாளரின் ஊதுகுழலாகிவிடுவான். எதுவுமே தெரியாதவன் என்றால் அவன் எடுக்கும் முடிவுக்கு மதிப்பிருக்காது.

படி 2: எதற்காக எதை இழப்பான்?

தன் ஆட்களைக் காப்பது, கட்டளையை நிறைவேற்றுவது, அகதிகளைக் கடக்கவிடுவது ஆகிய மூன்றையுமே அவன் விரும்பலாம். எதற்காக எதை விட்டுக்கொடுப்பான் என்ற வரிசையை முடிவுசெய்யுங்கள். காட்சியின் வசதிக்காக அதை மாற்றாதீர்கள். பயமும் களைப்பும் அவனுக்கு இருக்கட்டும். யோசித்து நடப்பவன் கல்நெஞ்சனாக இருக்க வேண்டியதில்லை.

படி 3: எளிய வழிகளை அடைத்துவிடுங்கள்

"இப்படிச் செய்திருக்கலாமே" என்று ஆடுபவர் கேட்கக்கூடிய அனைத்தையும் பட்டியலிடுங்கள். ஆள் அனுப்பி அகதிகளை எச்சரித்திருக்கலாமே? அனுப்பினான், போனவன் திரும்பவில்லை. இருட்டும்வரை காத்திருக்கலாமே? டாங்கிகள் அதற்குள் வந்துவிடும்.

2012-இல் வெளிவந்த ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் விளையாட்டில், உடலைக் கொடூரமாக எரிக்கும் வெள்ளை பாஸ்பரஸ் குண்டுகளை வீச ஆட்டத்தின் நாயகனான கேப்டன் வாக்கர் முனையும்போது, அவனுடைய குழுவிலுள்ள லூகோ அதை எதிர்க்கிறான். கதையைத் தொடர ஆடுபவருக்கு வேறு வழியே தரப்படவில்லை என்ற விமர்சனம் நியாயமானது என்பதே என் கருத்து. இருந்தாலும், ஆடுபவரின் மனத்தில் எழும் மறுப்பைக் கதைக்குள்ளேயே ஒருவன் வாயால் சொல்லவைத்தது கற்றுக்கொள்ள வேண்டிய உத்தி.

படி 4: விதிகளும் அதையே சொல்லட்டும்

போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-இல் வெளியிட்ட திஸ் வார் ஆஃப் மைன், 1992 முதல் 1996 வரை நீடித்த, போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகையின் தாக்கத்தில் உருவானது. அதில் நாம் படைவீரர்களாக அல்ல, முற்றுகையில் சிக்கிய பொதுமக்களாக ஆடுகிறோம். இரவில் ஒரு முதிய தம்பதியின் வீட்டிலிருந்து உணவைத் திருடி வரலாம். பசியை விளையாட்டே கணக்கில் வைப்பதால் அது அறிவுக்கு ஒத்த முடிவாகவே தோன்றும். ஆனால் அதற்குப் பின் கதாபாத்திரங்கள் மனமுடைகிறார்கள், அதுவும் எல்லோரும் ஒரே அளவில் அல்ல. காரணமும் விளைவும் வசனத்தில் மட்டும் நிற்காமல் ஆட்டத்திலேயே பதிந்திருப்பதால்தான் அந்தத் திருட்டு உறுத்துகிறது.

படி 5: வசனத்தைக் குறையுங்கள்

"போரில் நல்லவன் கெட்டவன் என்று யாரும் இல்லை" என்று நம் லெப்டினன்ட் பேசத் தொடங்கினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். "இன்னும் ஆட்கள் வருகிறார்கள், ஐயா." "தெரியும். கம்பியை இணை." இவ்வளவே போதும்.

படி 6: ஆடவிட்டுப் பாருங்கள்

கதை தெரியாத ஒருவரை ஆடச்சொல்லி, லெப்டினன்டின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் நினைத்துப் பார்க்காத எளிய வழி ஒன்றை அவர் சொன்னால், அதை ஆட்டத்தில் திறந்துவிடுங்கள். முடியாவிட்டால் அதை அடைக்கும் காரணத்தை முடிவெடுக்கும் காட்சிக்கு முன்பே ஆடுபவரின் கண்ணில் படவையுங்கள். காட்சி முடிந்த பிறகு சொல்லப்படும் காரணம் வெறும் சாக்காகவே தோன்றும்.