பிசிக்ஸ்ல இருந்து ஆர் அண்ட் டி மேனேஜர் ஆகுறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

நாகமலைப் புதுக்கோட்டை யுனிவர்சிட்டில பிசிக்ஸ் முடிச்சிட்டு கப்பலூர் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனி லேப்ல சேந்து, அங்கயே ஆர் அண்ட் டி, அதாவது புதுசா ஆராய்ஞ்சு பொருள் உருவாக்குற பிரிவுக்கு, மேனேஜர் ஆனவன் நான். புதுசா இந்த சீட்டுக்கு வர்றவங்க கஷ்டப்படக் கூடாதுன்னு தான் எழுதுறேன்.

பெரிய தப்பு, மேனேஜர் ஆன பிறகும் டீம்லயே பெரிய சயின்டிஸ்ட் நாம தான்னு காட்ட நினைக்கிறது. எங்கிட்ட வேலை பாத்த ஒரு பொண்ணு ரீடிங் எடுத்துட்டு வந்தா நான் மறுபடி மிஷின்ல உக்காந்து நானே எடுப்பேன். மூணே மாசத்துல அது புதுசா எதையும் எங்கிட்ட சொல்றதையே நிறுத்திருச்சு, இன்னைக்கும் மனசு உறுத்துது. வில்லியம் ஷாக்லின்னு ஒரு அமெரிக்க பிசிக்ஸ் விஞ்ஞானி, அவர் கதையும் இது தான். 1947 டிசம்பர்ல பெல் லேப்ஸ்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சிக்கூடத்துல பார்டீனும் பிராட்டைனும் முதல் டிரான்சிஸ்டரை (எலக்ட்ரானிக்ஸுக்கே அடிப்படையான சின்னப் பாகம்) பண்ணினாங்க, அவங்க குரூப்புக்கு ஹெட் ஷாக்லி. அடுத்த கட்ட வேலைல அவங்களை ஒதுக்கி வச்சுட்டாரு, 1951ல பார்டீன் கிளம்பிட்டாரு. 1956ல மூணு பேருக்கும் சேத்து நோபல் குடுத்தாங்க, அதே வருஷம் ஷாக்லி தனியா லேப் ஆரம்பிச்சாரு, ஆனா யாரையும் நம்பாம, தன்னோட ஃபோர் லேயர் டயோடுங்கிற ஸ்விட்ச் மாதிரி பாகத்தையே புடிச்சுத் தொங்குனதுல 1957ல அங்க வேலை பாத்த எட்டு பேர் ஒண்ணா வெளிய போய் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர்ங்கிற கம்பெனியை ஆரம்பிச்சுட்டாங்க. அறிவுல குறையே இல்லாத மனுஷன், ஆளுங்களை வச்சு வேலை வாங்கத் தெரியல.

அடுத்தது, லேப்ல வந்துச்சுன்னா ஃபேக்டரிலயும் வரும்னு நம்புறது. லேப்ல இருக்குற சின்ன ரோல் மிஷின்ல 200 கிராம் காம்பவுண்ட் (ரப்பர் கலவை) அருமையா வந்துச்சு, 50 கிலோ லோடு போட்டா மிக்ஸருக்குள்ளயே ஸ்கார்ச் ஆகிருச்சு, அதாவது சூட்டுல முன்கூட்டியே வெந்து இறுகிருச்சு. தட்டுல போட்ட சோறு உடனே ஆறிரும், கல்யாண வீட்டு அண்டால இருக்குறது பந்தி முடியுற வரைக்கும் ஆவி பறக்கும்ல, அதே தான். எடை கூடுற அளவுக்கு மேல்பரப்பு கூடாது, ரப்பரும் சூட்டை லேசுல வெளிய விடாது. எனக்குத் தெரிஞ்ச பிசிக்ஸ் தான், ஆனா மிக்ஸிங் ஃபோர்மேன் அண்ணன் "தம்பி, மொத ட்ரிப்பு பாதி லோடு போட்டுப் பாப்பமா"ன்னு முன்னாடியே கேட்டப்ப நான் காது குடுக்கல. இப்பல்லாம் ஃபார்முலா எழுதுறதுக்கு முந்தியே அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சிருவேன்.

இன்னொண்ணு, காலேஜ் பழக்கத்துல ரிசல்ட் வந்த உடனே கான்ஃபரன்ஸ்ல போய்ப் பேசிறாதீங்க. வெளிய சொன்னது பொதுவா புதுசுன்னு கணக்குல வராது, பேட்டன்ட் கையை விட்டுப் போயிரலாம். மொதல்ல ப்ரொவிஷனல், அதாவது பேட்டன்ட்டுக்கான முதல்கட்ட விண்ணப்பம், ஃபைல் பண்ணுங்க, முழு விவரம் குடுக்க அப்புறம் 12 மாசம் டைம் இருக்கு.