வெப் பக்கத்தில் எண்களை ஒழுங்காகக் காட்டுவது எப்படி: முழு எண்ணும் தசம எண்ணும்

எடைகளைப் பட்டியலிட்டு, கடைசி வரியில் மொத்தம் காட்டும் ஒரு பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் செய்துகொண்டிருந்தேன். 0.1, 0.2 என்று இரண்டே வரி போட்டுச் சோதித்தபோது மொத்தம் 0.30000000000000004 என்று வந்தது. அந்த வாலை வெட்டப் போய்த்தான் கீழே உள்ளதையெல்லாம் கற்றுக்கொண்டேன். மாறி, ஃபங்ஷன், ஸ்ட்ரிங் மூன்றும் தெரிந்திருந்தால் போதும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. வால் எங்கிருந்து வருகிறது

ஜாவாஸ்கிரிப்ட் எண்களை 64 பிட் மிதவைப் புள்ளி முறையில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் 0.333... என்று எழுதிக்கொண்டே போக வேண்டியிருப்பதுபோல, 0.1 என்பது இரும எண்ணில் முடிவதே இல்லை. ஓர் இடத்தில் நறுக்கித்தான் வைக்க முடியும். பைத்தான், ஜாவா, பிஹெச்பி எல்லாவற்றின் மிதவை எண்களிலும் இதே கதைதான். உங்கள் நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. டுஃபிக்ஸ்டு, அதில் நான் விழுந்த இடம்

எத்தனை தசம இடம் வேண்டுமோ அத்தனைக்கு எண்ணைச் சுருக்கித் தருவது டுஃபிக்ஸ்டு. எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான்:

மொத்தம் = (0.1 + 0.2).டுஃபிக்ஸ்டு(2)

திரையில் 0.30 என்று அழகாக வந்தது. மறுநாள் பெட்டியின் எடையையும் மொத்தத்தில் சேர்க்கச் சொன்னார்கள். பெட்டி 5 கிலோ. "மொத்தம் + 5" என்று எழுதினேன். வந்தது 0.305.

அந்த எண்ணை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 5.30 வந்திருக்க வேண்டும். ஆனால் 0.305 என்பதும் ஒரு எடைபோலவே இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, கன்சோல் சுத்தமாக இருக்கிறது. அதனால்தான் இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. டுஃபிக்ஸ்டு திருப்பித் தருவது எண் அல்ல, "0.30" என்ற ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங்கோடு 5ஐக் கூட்டினால் அதன் வாலில் 5 ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதற்கு நான் வைத்துக்கொண்ட வழி: கணக்குப் போடும் மாறியில் எப்போதும் எண் மட்டுமே இருக்கும். அழகுபடுத்துவது "காட்டு" என்ற ஒரே ஃபங்ஷனின் வேலை. பக்கத்தில் எழுத்தை வைக்கும் அந்தக் கடைசி வரியில்தான் அதைக் கூப்பிடுவேன். அது தரும் விடையை எந்த மாறியிலும் சேமிக்க மாட்டேன். கொஞ்சம் கறார்தான், ஆனால் அதன் பிறகு இந்தப் பிழை என்னிடம் வரவே இல்லை.

3. 1.005 என்னும் வில்லங்கம்

1.005ஐ இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 1.01 என்று எதிர்பார்ப்போம். டுஃபிக்ஸ்டு தருவது 1.00. உள்ளே இருப்பது 1.00499999999999989... என்பதால் கீழே இறக்கிவிடுகிறது. "100ஆல் பெருக்கு, மேத்.ரவுண்டு போடு, 100ஆல் வகு" என்ற யோசனை நிறைய இடங்களில் கிடைக்கும். 1.005க்கு அதுவும் உதவாது. பெருக்கினால் 100.49999999999999 வருகிறது, முழுமையாக்கினால் 100தான்.

இப்படிச் சரிபாதியில் நிற்கும் எண்களை மேலே ஏற்றுவது உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமென்றால், சிறிய அலகில் முழு எண்ணாகவே சேமியுங்கள். நான் கிலோவை விட்டுக் கிராமுக்கு மாறினேன். 1005 கிராமில் எந்த வாலும் இல்லை. அதைப் பத்தால் வகுத்தால் சரியாக 100.5, முழுமையாக்கினால் 101, காட்டும்போது 1.01. கூட்டல் கழித்தல் முழுக்கக் கிராமில் நடக்கட்டும்.

4. காற்புள்ளிக்கு இன்டல்.நம்பர்ஃபார்மேட்

மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி போடும் ரெகெக்ஸ் (எழுத்துகளில் ஓர் அமைப்பைத் தேடி மாற்றும் சூத்திரம்) ஒன்று வலையெங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்காதீர்கள். 0.123456ஐக் கொடுத்துப் பாருங்கள், புள்ளிக்குப் பின்னாலும் காற்புள்ளி போட்டு 0.123,456 ஆக்கிவிடும். இதற்கென்று தனி லைப்ரரி ஏற்றுவதும் எனக்குப் பிடிக்காது. உலாவியிலேயே இன்டல்.நம்பர்ஃபார்மேட் இருக்கிறது.

அதற்கு முதலில் மொழிக் குறியீட்டையும் அடுத்து விருப்பங்களையும் கொடுக்க வேண்டும். 1234567.89 என்ற ஒரே எண், டிஏ-ஐஎன் (இந்தியத் தமிழுக்கான குறியீடு) கொடுத்தால் 12,34,567.89 ஆகிறது. அமெரிக்க ஆங்கிலத்துக்கு 1,234,567.89. ஜெர்மனுக்கோ புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி 1.234.567,89. இதையெல்லாம் நாமே எழுத முயல்வது வீண் வேலை.

விருப்பங்களில் மினிமம்ஃப்ராக்ஷன்டிஜிட்ஸ், மேக்ஸிமம்ஃப்ராக்ஷன்டிஜிட்ஸ் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டும் 2 என்றால் 7 என்பது 7.00 ஆகும். எதுவும் கொடுக்காவிட்டால் அதிகபட்சம் மூன்று தசம இடம் காட்டும், 7 வெறும் 7ஆகவே நிற்கும். முழு எண் மட்டும் வேண்டுமென்றால் மேக்ஸிமத்தை 0 ஆக்கினால் போதும். ஃபார்மேட்டரைச் சுழற்சிக்கு வெளியே ஒருமுறை உருவாக்கி, உள்ளே அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வரிக்கும் புதிதாக உருவாக்கினால் பெரிய பட்டியலில் பக்கம் மெதுவாகிவிடும்.

5. திரும்பி வரும் வழி

அழகுபடுத்திய "1,234.50"ஐ மறுபடி எண்ணாக்கப் பார்த்தால், நம்பர் ஃபங்ஷன் என்ஏஎன் (NaN), அதாவது "இது எண்ணே இல்லை" என்று பதில் தரும். பார்ஸ்ஃப்ளோட் அதைவிட ஆபத்து. காற்புள்ளியைக் கண்டதும் நின்று, சத்தமில்லாமல் 1 என்று கொடுக்கும். நம்பர் வகை உள்ளீட்டுப் பெட்டியில் இதே ஸ்ட்ரிங்கை வைத்தால் பெட்டி காலியாகிவிடும். பெட்டிக்குள் எப்போதும் மூல எண்ணை மட்டும் வையுங்கள்.

அட்டவணையில் எண்களை வலப்பக்கம் ஒதுக்கி, சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக் பண்புக்கு டேபுலர்-நம்ஸ் கொடுத்தால், எழுத்துரு அதை ஆதரிக்கும்பட்சத்தில், இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும்.

பின்சேர்க்கை 1: மொத்தம் "-0.00" என்று வருகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். -0.001 போன்ற எண்ணைச் சுருக்கும்போது கழித்தல் குறி மட்டும் மிஞ்சிவிடுகிறது. இன்டலில் சைன்டிஸ்ப்ளே விருப்பத்துக்கு நெகட்டிவ் என்று கொடுங்கள், பூஜ்யத்துக்கு முன்னால் குறி வராது. பழைய உலாவிகளில் இந்த மதிப்பு இல்லை.

பின்சேர்க்கை 2: இன்னொருவருக்கு, சர்வர் அனுப்பிய 9007199254740993 என்ற அடையாள எண் திரையில் 992 என்று முடிந்திருக்கிறது. ஃபார்மேட் செய்ததில் கோளாறு இல்லை. 9007199254740991 வரைதான் ஜாவாஸ்கிரிப்ட் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும், சர்வர் அனுப்பும் ஜேசன் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) உரையைப் பிரிக்கும்போதே கடைசி இலக்கம் போய்விட்டது. அடையாள எண்ணோடு யாரும் கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை. சர்வரிலிருந்தே அதை ஸ்ட்ரிங்காக அனுப்பச் சொல்லுங்கள், காற்புள்ளியும் போடாதீர்கள்.