'ரத்தத்துலயே இருக்கு' என்று பிள்ளையை முடிவு கட்டுவதற்கு முன்

ரேங்க் கார்டு வந்த அன்றைக்கு வேலூரில் பல வீடுகளில் இரண்டு பேச்சில் ஒன்று ஓடும். பாட்டி, "அவங்க அப்பனுக்கே கணக்கு வரலை, இவனுக்கு எங்கிருந்து வரும்" என்பார். டியூஷன் சார், "வீட்ல யாரும் கவனிக்கறதில்லை, அதான்" என்பார். ஒருவர் பழியைப் பரம்பரை மேல் போடுகிறார், மற்றவர் அம்மா தலையில் கட்டுகிறார். நாளைக்குக் காலையில் என்ன செய்யலாம் என்று இரண்டு பேச்சிலும் ஒரு வார்த்தை கிடையாது. எதை மாற்றினால் இது மாறும் என்று கேட்டால்தான் வேலை நடக்கும். அதை எப்படித் தேடுவது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பிறவியா வளர்ப்பா என்ற சண்டைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன், 1874-ல். அதற்குப் பிறகு இரட்டையர்களை வைத்து ஏராளமான ஆய்வுகள் நடந்தன. 1.45 கோடி இரட்டையர் ஜோடிகள் பற்றிய அரை நூற்றாண்டு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2015-ல் பார்த்தபோது, மனிதக் குணங்களில் மரபின் பங்கு சராசரியாக 49 சதவீதம் என்று வந்தது. இதைப் படித்துவிட்டு "என் பையன் மார்க்கில் பாதி ஜீன், பாதி நான்" என்று கணக்குப் போடக் கூடாது. அந்த எண் ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது, உங்கள் பிள்ளை ஒருவனைப் பற்றியது கிடையாது.

அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1970-ல் இதை மக்காச்சோளத்தை வைத்து விளக்கினார். நம்ம பக்கத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போதும். ஒரே மூட்டை விதை மல்லாட்டையைக் கலந்து இரண்டாகப் பிரித்து, பாதியைக் கிணற்றுத் தண்ணீர் பாயும் கொல்லையிலும் மீதியைக் கல்லாங்காட்டு மானாவாரியிலும் போடுங்கள். ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் ஒரு செடிக்கும் பக்கத்துச் செடிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் விதையால் வருவது. இந்த நிலத்துக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள வித்தியாசமோ முழுக்கத் தண்ணீராலும் மண்ணாலும் வருவது. "அந்தத் தெருப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது, பிறவியே அப்படி" என்று ஜாதியை மனதில் வைத்துப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். அப்படிப் பேசுவதை வீட்டில் யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பரம்பரை என்றாலே மாறாது என்ற நினைப்பையும் இங்கேயே விட்டுவிடுங்கள். பினைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய், 1934-ல் நார்வே மருத்துவர் ஃபோலிங் கண்டுபிடித்தது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் வரும், அவ்வளவு சுத்தமான பரம்பரை நோய். புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற பொருளை உடம்பால் சரியாக மாற்ற முடியாமல், அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். ஆனால் பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, அந்தப் பொருள் குறைந்த உணவை உடனே தொடங்கி விடாமல் கொடுத்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். காரணம் ஜீனில் இருக்கிறது, தீர்வு சாப்பாட்டில் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். "சோம்பேறி, மாமன் மாதிரியே" என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கலாம், முக்கியமாக வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம், 12 முதல் 14 வயதுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகைதான். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை முழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு வருகிறாளா என்று கேளுங்கள். காதில் அடிக்கடி சீழ் வந்த பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் கண். கிட்டப்பார்வை குடும்பத்தில் வருவது உண்மைதான், அப்பா அம்மா இருவரும் கண்ணாடி போட்டிருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனாலும் சீனாவில் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்து அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் கிட்டப்பார்வை வந்திருந்தது, வழக்கம்போல இருந்த பள்ளிகளில் சுமார் 40. நம்ம ஊர் வெயிலில் மத்தியானம் விடச் சொல்லவில்லை. காலையில் பள்ளிக்கு முன்னால், இல்லையென்றால் டியூஷனை அரை மணி தள்ளிப்போட்டு, கோட்டை மைதானத்திலோ தெருவிலோ ஓடட்டும்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு நோட்டு எடுங்கள். கோபம், கவனமின்மை, பொய் என்று எல்லாவற்றையும் ஒன்றாக எழுத வேண்டாம், ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, யார் இருந்தார்கள், அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், முந்தின ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான். "அப்பன் கோபம் அப்படியே" என்று சொல்லப்படும் பையன் சாயங்காலம் ஏழரைக்குத் தட்டைத் தள்ளிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் பார்த்தால் அது டியூஷன் உள்ள நாளில் மட்டும் நடக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் போகவில்லை, ஆம்பூர் அத்தை வீட்டில் இருந்த சனி ஞாயிறில் ஒருமுறைகூட இல்லை. அப்படியென்றால் நாலு மணிக்கு இரண்டு இட்லி கொடுத்துவிட்டு அடுத்த வாரம் என்ன ஆகிறது என்று பாருங்கள். இடத்துக்கு இடம் மாறுகிற குணம் என்றால் முதலில் இடத்தைத்தான் திருத்த வேண்டும்.

வீடு, பள்ளி, அத்தை வீடு, கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் சின்ன வயதிலிருந்தே ஒரே மாதிரி இருந்தால் அது வேறு விஷயம். ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவுச் சிக்கலிலும் ஆட்டிசத்திலும் மரபின் பங்கு மிக அதிகம். அதனால் அடித்துத் திருத்தலாம் என்று நினைக்காதீர்கள், விதி என்று விட்டுவிடவும் செய்யாதீர்கள், பயிற்சியும் சிகிச்சையும் இருக்கின்றன. இங்கே அம்மாவைத் திட்டுவதையும் நிறுத்த வேண்டும். பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே சொல்லி எத்தனையோ பெண்களை அழவைத்தார்கள். 1977-ல் ஆய்வாளர்கள் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு அந்த எண்ணத்தை உடைக்கத் தொடங்கியது. வளர்ப்புதான் எல்லாம் என்ற பேச்சும் கொடுமையாக முடியும் என்பதற்கு இது போதும்.

"ஒரே வீடு, ஒரே சோறு, பெரியவன் படிக்கிறான், சின்னவன் படிக்கலை, அப்ப பிறவிதானே?" என்று கேட்பீர்கள். உடன்பிறந்தவர்களுக்குள் மரபுப் பொருத்தம் சராசரியாகப் பாதிதான், அது ஒன்று. வீடும் ஒன்று கிடையாது. பெரியவன் பிறந்தபோது தாத்தா பாட்டி கூட இருந்து கதை சொல்லியிருப்பார்கள், சின்னவன் வந்தபோது அம்மா ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார். கலகலவென்று பேசுகிற பிள்ளையிடம் எல்லோரும் பேசுவார்கள், ஒதுங்கி நிற்பவனிடம் யாரும் பேசுவதில்லை, அதனால் பேசுகிறவன் இன்னும் பேசுகிறான். பிறவிக் குணமே தனக்கான வளர்ப்பை இழுத்துக்கொள்கிறது. ஒதுங்கி நிற்பவனிடம் தினமும் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், அண்ணனை அந்த நேரத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எட்டு நாடுகளில் நடந்த ஒரு ஆய்வுக்காக சி.எம்.சி. மருத்துவமனை வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்தது. சின்ன வயதில் வளர்ச்சி குன்றி அப்படியே இருந்துவிட்ட பிள்ளைகள் பின்னாளில் அறிவுத் திறன் சோதனைகளிலும் பின்தங்கினார்கள். அதனால் அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். "நம்ம குடும்பமே குள்ளம்" என்று சொல்லி வளர்ச்சி அட்டையில் கோடு கீழே போவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாதீர்கள்.

நம்ம பக்கம் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும் பழக்கம். எந்த ஒரு ஜீனை எடுத்தாலும், தாய்மாமன் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அது ஒரே மூதாதையிடமிருந்து இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று, அத்தை மகன் மாமன் மகள் திருமணத்தில் பதினாறில் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். ஆனால் பேச்சு, நடை எல்லாம் தாமதமாகி, பெற்றோரும் உறவில் கட்டியவர்களாக இருந்தால் மரபணு ஆலோசனை கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

டாக்டரிடம் போகும்போது, சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ, இரண்டு வார நோட்டையும், தாய்சேய் நல அட்டையையும், பள்ளி நோட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே ஒரு தாளில் மூன்று தலைமுறையை வரைந்துவிடுங்கள்: யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு வலிப்பு, யார் தாமதமாகப் பேசினார்கள், எந்தக் குழந்தை சின்னதிலேயே தவறியது. இதெல்லாம் பாட்டிக்குத்தான் தெரியும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.