5 போட்டவர் எந்தப் பக்கம்? நம்பிக்கைக் கணக்கெடுப்பில் நேரும் தவறுகள்

"அரசை எந்த அளவு நம்புகிறீர்கள்? 0 முதல் 10 வரை மதிப்பெண் தாருங்கள்." இப்படிக் கேட்டதும் சிலர் யோசிக்காமலே 5 என்பார்கள். அது பாதி நம்பிக்கையா, தெரியாது என்பதன் நாகரிக வடிவமா, 'ஆளை விடுங்கள்' என்பதா? அறிக்கை எழுதுபவர்தான் முடிவுசெய்கிறார், தவறும் அங்கேதான் தொடங்குகிறது. 2023-இல் ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 30 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில் 6-உம் அதற்கு மேலும் தந்தவர்களே தேசிய அரசை நம்புவோர், 39 சதவீதம். 4-உம் அதற்குக் கீழும் தந்தவர்கள் 44 சதவீதம். 5 தனியே நின்றது. அதை நம்புவோர் கணக்கில் சேர்த்திருந்தால் தலைப்புச் செய்தியே வேறு.

சராசரியை மட்டும் வெளியிடுவது இன்னும் மோசம். பாதிப் பேர் 9, மீதிப் பேர் 1 என்றாலும் சராசரி 5தான். எல்லோரும் 5 என்றாலும் அதேதான். இரண்டாகப் பிளந்த சமூகமும் அலுத்துப்போன சமூகமும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

'அரசு' என்று மொத்தமாகக் கேட்டால் பலருக்கு ஆளுங்கட்சிதான் நினைவுக்கு வரும். அதே கணக்கெடுப்பில் காவல்துறைக்கு 63, அரசியல் கட்சிகளுக்கு 24 சதவீதம். நிறுவனம் நிறுவனமாகக் கேட்காவிட்டால் இந்த இடைவெளி தெரியவே தெரியாது.

தமிழில் கேட்பவருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. "நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை இருக்கிறது" என்பவர் அதன் நேர்மையைச் சொல்கிறாரா, தன் வழக்கு ஜெயிக்கும் என்கிறாரா? நாம் எல்லாவற்றையும் 'நம்பிக்கை' என்றே சொல்லிவிடுகிறோம். "இந்த நீதிமன்றம் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே மாதிரி தீர்ப்பளிக்குமா?" என்று கேட்டால் குழப்பம் குறையும்.

ஆயிரம் பேரிடம் கேட்ட கணிப்பில் ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகள் கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. 41 இலிருந்து 39 ஆனதைச் 'சரிவு' என்று எழுதுவது அவசரம்.

பயம் இருக்கும் இடத்தில் எந்த அளவுகோலும் எடுபடாது. வாசலில் நிற்பவர் அரசு அலுவலரோ என்ற சந்தேகம் வந்தால், மனதில் 3 வைத்திருப்பவர் வாயால் 8 என்பார். இதற்கு ஆய்வாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது: குலுக்கலில் பிரித்த இரு குழுக்களில் ஒன்றிடம் நான்கு சாதாரண வாக்கியங்களைத் தருவார்கள், மற்றதிடம் அதே நான்குடன் "அரசை நம்புகிறேன்" என்பதையும் சேர்த்துத் தருவார்கள். எவை என்று கேட்காமல், எத்தனை வாக்கியங்களை ஏற்கிறீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். இரு சராசரிகளின் வித்தியாசமே விடை, அதாவது அரசை நம்புவோரின் விகிதம். யார் என்ன நினைத்தார் என்பது கேட்டவருக்கும் தெரியாது.