மார்மன் சம்பந்தம் வந்தால்

தேவகோட்டையில் இருக்கும் என் தங்கையின் மகன், பெங்களூரில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். கிறிஸ்தவப் பெண்தான் என்றதும் தங்கைக்கு நிம்மதி. மார்மன் குடும்பம், அதாவது அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய தனிச் சபையைச் சேர்ந்தவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பங்கில் இருபது வருடம் மறைக்கல்வி நடத்தியவள், பையனுக்குப் பெரியம்மா என்பதால் பேச்சு முழுக்க என்னிடம் வந்துவிட்டது. இதே நிலையில் இருக்கும் கத்தோலிக்க வீடுகளுக்காக எழுதுகிறேன்.

பெண் வீட்டாரைச் சனிக்கிழமையில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம். மற்ற ஞாயிறுகளிலும் கடைக்குப் போகமாட்டார்கள். வந்ததும் காபி நீட்ட வேண்டாம். 1833இல் ஜோசப் ஸ்மித் சொன்ன உணவு நெறிப்படி காபி, டீ, மது, புகையிலை நான்கும் விலக்கு. நான் டபராவோடு போய் நின்றுவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல அந்த அம்மா பட்ட சங்கடம் இன்னும் மனதில் இருக்கிறது. இளநீரோ நன்னாரி சர்பத்தோ கொடுங்கள். வெள்ளைப் பணியாரம், கோழி வறுவல் எல்லாம் நன்றாகச் சாப்பிடுவார்கள். பேசும்போது ‘மார்மன்’ என்பதைத் தவிர்ப்பது நல்லது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரையே சொல்லும்படி அவர்கள் தலைவர் 2018இல் கேட்டுக்கொண்டார்.

அடுத்து, பங்குச்சாமியாரை உடனே பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பெண் என்றால் அவள் ஞானஸ்நானத்தை நம் திருச்சபை ஏற்றுக்கொள்ளும்; அனுமதி வாங்கினால் போதும். இங்கே அப்படியில்லை. அவர்களும் தண்ணீரில் முழுக்கி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் அது செல்லாது என்று 2001இல் வத்திக்கான் சொல்லிவிட்டது. சொற்கள் ஒன்றுதான், பொருள் வேறு. நமக்கு மூன்று ஆட்களாக இருக்கும் ஒரே கடவுள். அவர்களுக்கு மூவரும் தனித்தனியானவர்கள், தந்தைக்குச் சதையும் எலும்புமான உடல் உண்டு. அதனால் ஞானஸ்நானம் பெறாதவரோடு நடக்கும் திருமணமாகக் கருதி ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததெல்லாம் செய்வேன் என்று பையன் வாக்குக் கொடுக்க வேண்டும். அது பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை மறைத்து வைத்துக் கல்யாணத்தன்று சொல்வது பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

பெண்ணின் தாயார் அழுதால் பத்திரிகை, மண்டபம் பற்றிய அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஆலயத்தில் நடக்கும் முத்திரிப்புச் சடங்கால்தான் கணவன் மனைவி, பிள்ளைகள் மறுமையிலும் ஒரே குடும்பமாக இருப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் பையனுக்கு அங்கே உள்ளே போகவே வழியில்லை. மகள் நித்தியத்திலும் தன்னோடு இருப்பாளா என்ற பயம் அந்தத் தாய்க்கு. உயிர்த்தெழும்போது யாரும் திருமணம் செய்வதில்லை என்று இயேசு சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன், ஆனால் வாதத்துக்காக இல்லை. அன்பு சாவோடு போய்விடாது என்றுதான் நாங்களும் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம் என்றும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவரே எங்கள் முன்னோர் பெயர்களைக் கேட்டார். வம்சாவளி தேடுவதில் அவர்களுக்கு ஈடில்லாத ஆர்வம். படைப்பு வைத்து முன்னோரைக் கும்பிடும் நகரத்தார் நடுவே வளர்ந்த எனக்கு அது நன்றாகப் புரிந்தது. ஓரியூர் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டிப் போன பாட்டி கதையைச் சொன்னேன். ஆனால் இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அதற்குப் பயன்படக்கூடாது என்பதால் பங்குப் பதிவேடுகளை அவர்களுடைய வம்சாவளி ஆய்வுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2008இல் ரோமிலிருந்து ஆயர்களுக்குக் கடிதம் வந்தது. இதை நேராகவே சொன்னேன்: “எங்க பாட்டிக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சுங்க, அவங்களை அப்படியே விட்டுடுங்க.” அவர் தலையசைத்தார். பாட்டி கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.