ரசிகர் தளத்தில் வருமானம்: சீசன் முடிந்ததும் காணாமல் போகும் காசு

ஐபிஎல் நெருங்கும்போது தமிழில் புதிய கிரிக்கெட் தளங்கள் வரிசையாக முளைக்கின்றன. ஜூன் மாதம் போய்ப் பார்த்தால் அவற்றில் பல, இறுதிப் போட்டிச் செய்தியோடு அப்படியே நிற்கின்றன. நடத்தியவர்களுக்கு எழுத வராமல் இல்லை. ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கிறவர்கள், நன்றாக எழுதுகிறவர்கள்தான். போட்ட உழைப்புக்குக் காசு வரவில்லை, கைவிட்டுவிட்டார்கள். பார்க்க வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் சறுக்கிய இடம் ஒன்றுதான். ஆட்டத்தன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற கூட்டத்தை நம்பினார்கள். ரசிகர் தளத்துக்குச் சோறு போடுவதோ ஆட்டமே இல்லாத நாளிலும் வருகிற வாசகர்.

இதன் முதல் அடையாளம், நேரலை ஸ்கோரில் போய் முட்டிக்கொள்வது. சென்னையும் குஜராத்தும் மோதிய 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்தில் மழை பெய்து, சென்னையின் இலக்கு 15 ஓவரில் 171 என்று மாறி, நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டம் முடிந்தது. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. அந்த நேரத்தில் ஸ்கோர் வேண்டியவர் கிரிக்பஸ்ஸையோ கிரிக்இன்ஃபோவையோ திறப்பார். கூகுளில் தேடினாலே ஸ்கோர் மேலே வந்து நிற்கும். உங்கள் தளத்துக்கு அவர் வர வேண்டிய தேவையே இல்லை. ஆனால் மறுநாள் காலை அதே ரசிகருக்கு வேறொன்று வேண்டும். கடைசி ஓவரின் முதல் 4 பந்தில் 3 ரன் மட்டுமே கொடுத்த குஜராத் பந்துவீச்சாளர் மோகித் சர்மா 5-வது பந்தில் எப்படித் தவறினார், அதற்கு முன் அவரை நிறுத்திப் பேசியது தேவையா என்று யாரிடமாவது பேசித் தீர்க்க வேண்டும். அணியைப் பல வருடம் பார்த்த ஒருவர் அதைத் தமிழில் எழுதினால், அடுத்த சீசனிலும் தேடி வந்து படிப்பார்கள். ஸ்கோர் பக்கம் ஆட்டம் முடிந்ததும் செத்துவிடும்.

விளம்பரத்துக்கு வருவோம். தளங்களில் விளம்பரம் போட்டு அதற்குக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டதிலிருந்து எல்லோரும் முதலில் போய் நிற்கும் வாசல் அதுதான். அங்கே நடக்கும் பெரிய தவறு, "அண்ணா, நம்ம சைட்ல ஆட் வருது, ஒரு க்ளிக் பண்ணி விடுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவது. நண்பர்கள் அன்பாகத்தான் செய்வார்கள். ஒரே ஊரிலிருந்து, ஒரே மணி நேரத்தில், தளத்தைப் படிக்காமலே விழும் க்ளிக்குகளைக் கூகுள் கண்டுகொள்ளும்; கணக்கு மூடப்படும். மூடியதைத் திரும்பத் திறப்பது மிகக் கடினம். இன்னொன்று சின்ன விஷயம், ஆனால் பலருக்குப் பணம் சிக்கும் இடம். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கக் கூகுள் தபாலில் ஒரு பின் எண் அனுப்பும். கதவு எண்ணை விட்டு, தெருவைப் பாதி எழுதி வைத்திருந்தால் அது வந்து சேராது, பணமும் நகராது. கணக்கின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். 100 டாலர் சேர்ந்த பிறகே கைக்கு வரும் என்பதையும் மனதில் வையுங்கள்; தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பர விலை ஆங்கிலத்தைவிடக் குறைவு என்பதால் அதற்கு மாதங்கள் ஆகலாம்.

அந்த மாதங்களில் பொறுமை போய், விளம்பரங்களை அடுக்கத் தொடங்குகிறார்கள். பேருந்தில் நின்றபடி ஒருவர் உங்கள் கட்டுரையைத் திறக்கிறார் என்று வையுங்கள். திறந்ததும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கிறது. அதை மூடினால் முழுத்திரை விளம்பரம். அதன் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைக் கட்டைவிரலால் தொட முடியவில்லை. தொட்டதும் வேறு தளம் திறக்கிறது. திரும்பி வந்தால் எழுத்து கீழே இறங்கி, நடுவில் ஒரு வீடியோ தானாக ஓடுகிறது. அன்றைக்கு உங்களுக்குச் சில பைசா கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவர் நாளைக்கு வரமாட்டார்.

இனி, இருப்பதிலேயே ஆபத்தானது. விளையாட்டுத் தளம் என்று பெயர் வெளியே தெரிந்த சில மாதங்களில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். 'உங்கள் தளத்தை விரும்பிப் படிக்கிறோம், ஒரு கட்டுரை தருகிறோம், அதில் ஒரே ஒரு லிங்க் மட்டும் இருக்கும், இத்தனை டாலர் தருகிறோம், கட்டுரையை நீக்கக் கூடாது, ஸ்பான்சர் என்று குறிப்பிடக் கூடாது.' அந்த லிங்க்கைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பந்தயத் தளமாகவோ கேசினோவாகவோ இருக்கும். ஒரு மாத ஆட்சென்ஸ் வருமானத்தைவிடப் பெரிய தொகை ஒரே கட்டுரைக்கு வருகிறது என்றால் கை துறுதுறுக்கும்தான். தொடாதீர்கள்.

2022 ஜூனிலேயே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இணையப் பந்தய விளம்பரங்களை வெளியிட வேண்டாம் என்று ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. செய்தித் தளம் போல வேடம் போட்டுப் பந்தய நிறுவனங்கள் செய்யும் மறைமுக விளம்பரத்தையும் அதே வருடம் அக்டோபரில் குறிப்பிட்டு எச்சரித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரப்படுத்துகிறவருக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடம் இருக்கிறது. இது திறமைக்கான விளையாட்டுதானே என்று சொல்லியும் தப்பிக்க வழியில்லை. அந்தச் சட்டம் வந்ததும், நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டஸி விளையாட்டை நடத்திய டிரீம்11 காசுப் போட்டிகளை நிறுத்தியது, இந்திய அணியின் ஜெர்சி ஸ்பான்சர் இடத்தையும் விட்டு விலகியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அதுதான் நிலைமை. 'இன்றைய ஃபேன்டஸி அணி' என்று தினமும் எழுதி, ஆள் சேர்த்துவிட்டதற்குக் கமிஷன் வாங்கியே வாழ்ந்த தளங்களுக்கு ஒரே வாரத்தில் வருமானம் நின்றுபோனது. சட்டத்தை விடுங்கள், நம் தளத்தை நம்பிப் படிக்கிறவர்களில் கல்லூரிப் பையன்கள் எத்தனை பேர் என்று நடத்துகிறவருக்குத் தெரியும். அவர்கள் கையில் பந்தய லிங்க்கைக் கொடுத்துச் சம்பாதிப்பதை என்னால் ஒரு வருமான வழியாகவே எண்ண முடியவில்லை.

பந்தயம் இல்லாத, யோக்கியமான நிறுவனத்தின் லிங்க் என்றால் வாங்கலாம். ஆனால் கட்டுரையின் மேலேயே 'விளம்பரம்' என்று போடுங்கள். லிங்க்கில், இது காசு வாங்கிப் போட்டது என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்பான்சர் குறியீட்டையும் சேருங்கள். மறைத்து விற்ற லிங்க்குகளைக் கூகுள் கண்டுபிடித்தால் தேடலில் தளம் கீழே போய்விடும். வாசகர் பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன் தரும் அமேசான் போன்ற அஃபிலியேட் லிங்க்குகளுக்கும் இதே வெளிப்படைத்தன்மை வேண்டும். கையில் பிடித்தே பார்க்காத பேட்டை 'சிறந்த 10 பேட்டுகள்' பட்டியலில் போடுவதைவிட, நீங்கள் ஆடிப் பார்த்த ஒரு டென்னிஸ் பால் பேட்டைப் பற்றி, அதன் எடை, கைப்பிடி எல்லாம் சொல்லி எழுதுவது விற்கும்.

ஒரே அணியை நம்பித் தளம் தொடங்குவதிலும் யோசனை வேண்டும். சிஎஸ்கே 2016, 2017 இரண்டு சீசன்கள் தடையில் இருந்தது. அந்த அணியின் ஆட்டத்தை மட்டுமே எழுதிய ஒரு தளம் அந்த இரண்டு வருடம் என்ன செய்திருக்கும்? 2025-ல் அணி முதல்முறையாகப் புள்ளிப் பட்டியலின் கடைசி இடத்துக்குப் போனது. தோற்கிற அணியைப் பற்றிப் படிக்க வருகிறவர்கள் குறைவு. மனசு ஒரு அணியிடம் இருக்கட்டும், தவறில்லை. எழுத்து மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். ஐபிஎல் முடிந்ததும் தமிழ்நாட்டின் டி20 தொடரான டிஎன்பிஎல், அப்புறம் சென்னையை மையமாகக் கொண்ட புச்சிபாபு கோப்பை, அக்டோபர் வாக்கில் ரஞ்சி. இந்தப் போட்டிகளைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத ஆள் குறைவு. மாவட்டத்திலிருந்து வரும் ஒரு வேகப்பந்து வீச்சாளரைப் பற்றி நீங்கள் முதலில் எழுதியிருந்தால், நாளை ஏலத்தில் அவர் பெயர் வரும்போது தேடுகிறவர்கள் உங்களிடம்தான் வருவார்கள்.

உள்ளூர் விளம்பரமும் இங்கேதான் கிடைக்கிறது. டர்ஃப் எனப்படும் செயற்கைப் புல் மைதானத்தை வாடகைக்கு விடுகிறவர், கிரிக்கெட் பயிற்சி நடத்துகிறவர், விளையாட்டுப் பொருள் கடைக்காரர், திருப்பூரில் ஜெர்சி அடித்துக் கொடுக்கிறவர். இவர்கள் யாரும் க்ளிக் கணக்கு கேட்பதில்லை. பலர் செய்யும் தவறு, மாதத்துக்கு இத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற மொத்த எண்ணைக் கொண்டுபோய் நீட்டுவது. மதுரையில் டர்ஃப் வைத்திருப்பவருக்கு துபாய் வாசகரால் பயனில்லை. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்பது கூகுள் அனலிட்டிக்ஸில் இருக்கிறது. மதுரை எண்ணை மட்டும் எடுத்துக் காட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தொகை பேசுங்கள். டிஎன்பிஎல் சமயத்தில் கேட்டால் காதில் விழும்.

படங்களையும் வீடியோவையும் எடுத்துப் போடுவதை நிறையப் பேர் தவறாகவே நினைப்பதில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அவ்வளவு கொடுத்தவர்கள் 20 விநாடி கிளிப்பையும் விட்டுவைக்க மாட்டார்கள். 'நன்றி: கூகுள்' என்று கீழே எழுதினால் படம் உங்களுடையதாகிவிடாது. அது யாரோ ஒரு புகைப்படக்காரர் வெயிலில் நின்று எடுத்தது. புகார் வந்தால் ஆட்சென்ஸும் சேர்ந்து போகும். டி-ஷர்ட் விற்பதிலும் இதே கதைதான். அணியின் சிங்க முத்திரை, பெயர், வீரரின் முகம் ஆகியவற்றை அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்க முடியாது. 'கேப்டன் கூல்' என்ற பட்டப்பெயருக்கே வணிகக் குறி கேட்டு தோனி 2023-ல் விண்ணப்பித்தார். உங்கள் வாசகர்களிடையே புழங்கும் ஒரு வசனம், ஒரு கேலிச் சித்திரம், உங்கள் தளத்தின் பெயர் இவற்றை வைத்துச் சட்டை அடியுங்கள். தளத்தின் பெயரிலும் அணியின் பெயரைக் கலக்காமல் இருப்பது நல்லது.

வாசகரிடமே பணம் கேட்கலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. கேட்கலாம். இங்கிலாந்துக் கால்பந்து அணியான ஆர்சனலின் ரசிகர் ஒருவர் 2002-ல் தொடங்கிய ஆர்ஸ்பிளாக் இன்றும் தினமும் வருகிறது, வாசகர்கள் மாதச் சந்தா கட்டி ஆதரிக்கிறார்கள். அதன் பலம் அந்தத் தினசரிப் பழக்கம். நம் ஆட்கள் செய்யும் தவறு, ஆட்டத்தின் அறிக்கையைப் பூட்டிவிட்டுக் காசு கேட்பது. அது பத்து இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அறிக்கையைத் திறந்தே வையுங்கள். ஏலத்துக்கு முந்தைய விரிவான அலசல், வாரம் ஒரு நீண்ட பாட்காஸ்ட், உறுப்பினர்களோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கும் ஆன்லைன் கூடுகை என்று வேறெங்கும் கிடைக்காததற்கு மாதம் ஒரு சிறு தொகை வையுங்கள். யுபிஐயில் கட்ட வசதி இருக்க வேண்டும். கார்டு எண் கேட்டால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

வருகிற பணம் எவ்வளவு சின்னதானாலும் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். சேவை வருமானம் வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். அதற்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

கடைசியாக, உடன் எழுதுகிறவர்கள். தொடக்கத்தில் எல்லோரும் ஆசைக்காக எழுதுவார்கள், காசுப் பேச்சே வராது. வருமானம் வந்ததும்தான் மனத்தாங்கல் ஆரம்பிக்கும். அமெரிக்காவில் ரசிகர் தளங்களை ஒன்றுசேர்த்து வளர்ந்த எஸ்பி நேஷன் மீது, குறைந்த காசுக்கு முழுநேர வேலை வாங்கினார்கள் என்று எழுதியவர்களே வழக்குப் போட்டார்கள். 2020-ல் 40 லட்சம் டாலருக்கு அது சமரசமானது. நம் அளவில் வழக்கு வராது, நட்பு முறியும். தளத்தின் முகவரியான டொமைன் யார் பெயரில் இருக்கிறது, ஆட்சென்ஸ் கணக்கு யாருடையது, நூறு ரூபாய் வந்தால் யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் அவர் எழுதிய கட்டுரைகள் என்னவாகும் என்ற நான்கையும் முதல் விளம்பரம் போடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.